இரண்டு கோல், மூன்று அம்பாரம்

பிள்ளைகளே,

போன தீபாவளிக்கு வந்த உங்கள் தேவராஜ் மாமா, அப்பாவைப் பற்றி ஒரு கதை சொல்லிவிட்டுப் போனார். அதை நீங்கள் மூன்று பேரும் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது என்று நேற்றுதான் தெரிந்தது. சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போன இடத்தில் கடைக்காரர் பம்பைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னா நைனா, ஜப்பான்காரன் உன் கைல ரெண்டு கோலு போட்டானாமே" என்று கேட்டார். இரண்டு டயருக்கும் காற்றடித்து முடிக்கும்வரை சிரித்துக்கொண்டே இருந்தார்.

மாமா சொன்னதில் பொய் என்று எதையும் காட்ட முடியாது. அதுதான் எனக்கு எரிச்சல். ஜப்பான்காரர் வந்தார். பந்தாடினார். நான்தான் கோல்கீப்பர். இரண்டு கோல் விழுந்தது. எல்லாம் நடந்ததுதான். ஆனால் அந்த மனுஷர் எதற்காகக் கடல் தாண்டி வந்தார் என்பதை மாமா சொல்லவில்லை. அவர் உப்பு பார்க்க வந்தார். உப்பை விட்டுவிட்டுப் பந்தை மட்டும் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்துப் பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் கை வைக்க வேண்டாம்.

1. அவசரத்தில் வாரின உப்பு

கோவளத்துக்கும் கேளம்பாக்கத்துக்கும் நடுவே, உப்பங்கழிக் கரையில் இருந்த ஒரு உப்புக் கம்பெனியில் நான் கங்காணி. கங்காணி என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற வேலை என்று நினைக்காதீர்கள். கழித் தண்ணீரைப் பாத்திக்குப் பாத்தி தள்ளிக் காயவிட்டு, எந்தப் பாத்தி எந்த நாளில் வாரத் தயாராகும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். உப்பு படிந்த பிறகு மேலே கொஞ்சம் தண்ணீர் மிஞ்சும். அதற்குக் கசப்புத் தண்ணி என்று பெயர். நாக்கில் வைத்தால் பேதி மருந்து மாதிரி இருக்கும். அதை வடித்துவிட்டுத்தான் உப்பை வார வேண்டும். வடிக்காமல் வாரினாலும் உப்பு பார்வைக்கு வெள்ளையாகத்தான் இருக்கும். சாக்கில் போட்டு நாலு நாள் ஆனால் வியர்க்க ஆரம்பித்துவிடும். வாரின உப்பை வீட்டு உயரத்துக்குக் குவித்து, பனை ஓலையால் மூடி வைப்போம். அந்தக் குவியல்தான் அம்பாரம்.

அந்த வருஷம் மூன்று அம்பாரம் நின்றது. முதல் இரண்டும் ஒழுங்காக வாரினவை. மூன்றாவதைப் பற்றிப் பேசினால் இன்றைக்கும் எனக்குத் தலை சூடாகிறது. ஆடிக் கடைசியில் ஒரு நாள் கடல் பக்கம் மேகம் கருத்தது. மானேஜர் துரைசாமி வரப்பில் வந்து நின்றுகொண்டு, மிச்சப் பாத்தி எல்லாவற்றையும் உடனே வாரச் சொன்னார். கசப்புத் தண்ணி வடிய இரண்டு நாள் வேண்டும் என்றேன்.

"மழை வந்து கரைச்சிட்டா நீயாய்யா பதில் சொல்லுவே? வாருய்யா" என்றார்.

வாரினோம். கணுக்கால் வரை கசப்புத் தண்ணியில் நின்று, சேற்றோடு சேர்த்து வாரினோம். மழை வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. இரண்டு நாள் என்று நான் கேட்டேனே, அந்த இரண்டு நாளும் மண்டை பிளக்கிற வெயில் அடித்தது. அப்படி உண்டானது மூன்றாவது அம்பாரம். ஓலைக்கு அடியில் அது ராத்திரி பகலாக வியர்த்துக்கொண்டு நின்றது.

அந்த வருஷம் பக்கிங்காம் கால்வாய் வழியாக உப்பு ஏற்ற வருகிற படகுகளும் குறைந்துவிட்டன. எங்கே பார்த்தாலும் உப்பு. ஐப்பசி மழைக்குள் அம்பாரம் போகாவிட்டால் சுமை தூக்குகிற பெண்களுக்கு வேலை இல்லை. அம்பாரத்திலிருந்து படகுக்குக் கூடையில் சுமந்து போகிறவர்கள் அவர்கள்தான், நாற்பது வீட்டுப் பெண்கள். ஜப்பானுக்குக் கப்பலில் உப்பு போகப் போகிறது என்று மானேஜர் சொன்னதும், நான் முந்திரிக்கொட்டை மாதிரி போய் அவர்கள் தலைவி பவுனம்மாவிடம், இரண்டு மாதத்துக்குச் சுமை இருக்கிறது, வேறு வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர்களும் செய்யூர் பக்கம் கடலைக்காய் பிடுங்கப் போகாமல் நின்றுவிட்டார்கள். என் வாயை நம்பி நாற்பது வீடு உட்கார்ந்திருந்தது. அதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

2. லெட்டரில் ஒரு வரி

மதராஸ் கப்பல் ஏஜெண்டிடமிருந்து லெட்டர் வந்தது. இரண்டு பக்கம். ஈரம் எவ்வளவு இருக்கலாம், கசப்பு எவ்வளவு இருக்கலாம், மண் எவ்வளவு இருக்கலாம் என்று பட்டியல் போட்டிருந்தது. முதல் பாராவில் ஒரே ஒரு வரி, உப்பைச் சோதிக்க வருகிற ஓகாவா என்பவர் தன் நாட்டில் பேர் போன ஃபுட்பால் ஃபார்வர்டு ஆக இருந்து ஓய்வு பெற்றவர் என்று எழுதியிருந்தது. மானேஜர் அந்த வரியை மூன்று தடவை உரக்கப் படித்தார். பட்டியலை மடித்து மேஜை டிராயரில் போட்டுவிட்டார்.

மானேஜர் செங்கல்பட்டுக்காரர். காலேஜ் ஃபுட்பால் டீமில் ரைட் அவுட், அதாவது வலது ஓரத்தில் ஆடினவர். ஆபீசில் ஆள் எடுக்கும்போது காலைப் பார்த்துவிட்டுத்தான் சர்டிபிகேட்டைப் பார்ப்பார். அப்படி எடுத்த இரண்டு குமாஸ்தாக்களுக்கு டெஸ்பாட்ச் ரெஜிஸ்டரை எந்தப் பக்கம் திறப்பது என்றுகூடத் தெரியாது. எங்கள் கம்பெனியில் இரண்டு டீம். ஆபீஸ் டீம், உப்பளத்தில் வேலை செய்கிற எங்கள் அளத்து டீம். அளத்து டீமுக்கு நான் கோல்கீப்பர், எனக்கு முன்னால் நின்று தடுக்கிற பேக் தேவராஜ் மாமா. மாமா அப்போது பம்ப் மெக்கானிக்.

ஜப்பான்காரர் வருவதற்குள் மூன்றாவது அம்பாரத்தைப் பிரித்து, நல்ல உப்புத் தண்ணீரில் அலசி மறுபடி வடியவிட்டால் ஏதாவது தேறும் என்று நான் சொன்னேன். மானேஜர் என் ஆட்களையே நாலு நாள் எடுத்துக்கொண்டு, சவுக்குத் தோப்புக்குப் பின்னால் கிரவுண்டைச் சமன் செய்தார். சவுக்குக் கம்பு நட்டு, கயிறு கட்டி, கோல் போஸ்ட் போட்டார். சுண்ணாம்புக் கோடு போட்டார். அம்பாரத்து ஓலை கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கேட்க ஆள் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மானேஜர் ரூம் ஜன்னலில் ஒரு கண்ணாடி ஜாடி இருக்கும். அதில் மாதிரி உப்பு. ஆபீசுக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பாத்தியில் விளைந்ததை, பவுனம்மா ஆட்கள் கையால் ஒவ்வொரு கல்லாகப் பொறுக்கி அலசிக் காயவைத்தது. வெயில் பட்டால் வைரம் மாதிரி மின்னும். எங்கள் பக்கத்தில் மாதிரி என்றால் அப்படித்தான். இருப்பதில் நல்லதை எடுத்து வைப்பார்கள். வாங்குகிறவனும் அதில் பாதியைக் கழித்துக்கொண்டுதான் பார்ப்பான். யாரும் யாரையும் ஏமாற்றுவதாக நினைப்பதில்லை. அது ஒரு மரியாதை, அவ்வளவுதான்.

3. மேஜை மேல் ஒரு மைதானம்

ஓகாவா புரட்டாசி முதல் வாரத்தில் வந்தார். நாற்பது வயது இருக்கும். ஒல்லி. இடது முழங்காலை மடக்காமல் நடந்தார். கையில் ஒரு தகரப் பெட்டி, தோளில் துணி சுற்றிய ஒரு நீளக் குத்தூசி. நெல் மூட்டையில் குத்தி நாலு மணி எடுத்துப் பார்ப்பார்களே, அந்தக் குத்தூசிதான், ஆனால் ஆள் உயரம் இருந்தது. மானேஜர் மாலையோடு ஓடிப் போய், "வெல்கம், சென்டர் ஃபார்வர்டு" என்றார். அந்த மனுஷர் தனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

தங்குவதற்கு மாமல்லபுரத்தில் பங்களா ஏற்பாடு. முதல் நாள் முழுக்க ரதம், கடற்கரைக் கோயில் என்று மானேஜர் காட்டிக்கொண்டு திரிந்தார். கோயில் சுவரில் பூத்திருந்த உப்பை ஓகாவா நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தாராம். "இன்னாத்துக்குய்யா இந்த ஆள கூட்டினு போனேன்" என்று மானேஜர் என்னிடம் சலித்துக்கொண்டார்.

மேட்ச் முடியட்டும், அம்பாரம் அப்புறம் என்று மானேஜர் தள்ளிக்கொண்டே போனதால், மறுநாளிலிருந்து ஓகாவா அளத்துக் கொட்டகையில் என்னோடுதான் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் கொஞ்சம். எனக்குத் தெரிந்தது சாக்கு மேல் அச்சடித்திருக்கிற அளவு. ஆனாலும் பேசிக்கொண்டோம். மேஜையில் ஒரு பிடி உப்பைப் பரப்பி, விரலால் கோடு இழுத்து மைதானம் போட்டார். பெரிய கல் ஒன்றை நடுவில் வைத்து, தன் மார்பைத் தொட்டுக் காட்டினார்.

அவர் கதையை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். பதினாறு வயதில் ஒரு சலவை சோடா தொழிற்சாலையில் சேர்ந்தார். சோடா செய்ய உப்புதான் மூலம். மதியம் வரை மண்வெட்டியால் உப்பு தள்ளுகிற வேலை, அதற்கு மேல் பந்து. தொழிற்சாலைக்கு ஒரு டீம். மூன்று வருஷம் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து மற்றவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். பிறகுதான் ஃபார்வர்டு. ஃபார்வர்டு என்றால் ஓடிக்கொண்டே இருக்கிறவன் என்று நினைத்திருந்தேன். அவர் தன் கல்லை ஒரே இடத்தில் வைத்துவிட்டு, மற்ற கற்களை எல்லாம் நகர்த்தினார். மறுபடி நகர்த்தினார். தன் கல்லைத் தொடவே இல்லை. "வெயிட்" என்றார். இன்னொரு தடவை நகர்த்திவிட்டு, "வெயிட்" என்றார். கடைசியில் தன் கல்லை ஒரே சுண்டு சுண்டினார். எனக்குச் சட்டென்று புரிந்தது. பாத்தி வேலையும் அதுதானே. பத்து நாள் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், ஒரு நாள் இறங்க வேண்டும்.

பிறகு உள்ளங்கையால் மைதானத்தை ஒரே துடைப்பாகத் துடைத்துவிட்டார். யுத்தம். திரும்பி வந்து பார்த்தபோது மைதானத்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்டிருந்தார்களாம். ஊரில் சாப்பாடு இல்லை, யாரைக் குறை சொல்வது. அந்தக் கிழங்கைப் பிடுங்கித் தின்றுவிட்டு, அதே நிலத்தில் மறுபடி கோடு போட்டு ஆடினார்கள். நன்றாக ஆடுகிற வயசெல்லாம் யுத்தத்தில் போய்விட்டது. மிச்சம் ஐந்து வருஷம் கிடைத்தது. அதற்குள் முழங்கால் போய்விட்டது.

கதையில் தன்னுடைய கடைசி ஆட்டம் வரை வந்தார். எதிர் டீம் கோல்கீப்பர் ஒரு காலத்தில் இவரோடு ஒரே அறையில் தங்கி, ஒரே தொழிற்சாலையில் உப்பு தள்ளினவன். வேறு தொழிற்சாலைக்குப் போய்விட்டான். இவர் டீம் ஒரு கோல் பின்னால். முடிய ஒரு நிமிஷம்கூட இல்லை. பந்து இவர் காலுக்கு வந்துவிட்டது. நடுவில் யாருமே இல்லை. மேஜையில் இரண்டே கல் வைத்தார். இது நான், அது அவன்.

அந்த நேரம் பார்த்து மானேஜர் உள்ளே வந்து விசில் ஊதினார். கொட்டகைக்குள் விசில். "கமான் மிஸ்டர் ஓகாவா, மேட்ச் ரெடி" என்றார்.

4. நான் விட்ட கோல்

அவர் மாட்டேன் என்று முழங்காலைக் காட்டினார். குத்தூசியைக் காட்டினார். மூன்று நாளாக இன்னும் ஒரு அம்பாரத்தைக்கூடத் தொடவில்லை என்று விரலால் எண்ணிக் காட்டினார். மானேஜர் கேட்கவில்லை. "ஃபைவ் மினிட்ஸ்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஆபீஸ் டீமில் அவர்தான் சென்டர் ஃபார்வர்டு. நாங்கள் வெறும் காலோடு. அவர் ஷூவைக் கழற்றி வரப்பில் ஜோடியாக வைத்துவிட்டு, வெள்ளை சாக்ஸோடு இறங்கினார்.

ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் மானேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏகாம்பரம், புரியுதுல்ல. நம்ம ஊரு விருந்தாளி. மனுஷன் சந்தோஷமா கையெழுத்துப் போட்டுட்டுப் போகணும்" என்றார். நான் போஸ்டுக்குப் போனால் அதற்குப் பின்னால் பவுனம்மா கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணாத்த, அந்த ஆளு மனசு குளிர்ந்தா மூணு அம்பாரமும் போய்டும்னு மேனேஜரு சொல்லிகினு கீறாரு. பாத்துக்க" என்றாள்.

"கோலு வுடச் சொல்றியா?"

"நா இன்னாத்த சொல்றது. வூட்ல அரிசி கீதா இல்லியான்னு மட்டும் சொல்றேன்."

தேவராஜ் மாமா எனக்கு முன்னால் பேக். அவரிடமும் மானேஜர் சொல்லியிருந்தார் போல. பந்து ஓகாவாவுக்கு வந்ததும் மாமா, காலில் முள் தைத்தவன் மாதிரி உட்கார்ந்துவிட்டார். எதிரில் யாரும் இல்லை. ஓகாவா மெதுவாக ஒரு தட்டு தட்டினார். உங்கள் தம்பி தவழ்ந்து போகிற வேகத்தில் பந்து என் வலது பக்கம் வந்தது. நான் நாற்பது வீட்டை நினைத்துக்கொண்டு இடது பக்கம் விழுந்தேன்.

எல்லாரும் கை தட்டினார்கள். அவர் தட்டவில்லை. நொண்டிக்கொண்டே போஸ்டைத் தாண்டிப் போய், பந்தை எடுத்து வந்து, என் இரண்டு கையிலும் வைத்தார். என் முகத்தையே பார்த்து, "அகெய்ன்" என்றார்.

இந்த இடத்தில்தான் என் புத்தி எங்கே போயிற்று என்று நான் இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொள்கிறேன். இந்தத் தடவை நிஜமாகத் தடு என்று அவர் சொன்னதை, இன்னொரு கோல் வேண்டும் என்று கேட்கிறார் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றா சொல்கிறேன், சந்தோஷப்பட்டேன். அவர் பின்னால் போய் நின்று, இந்தத் தடவை முழங்காலைப் பொருட்படுத்தாமல் ஓடி வந்து, நிஜமாகவே உதைத்தார். பந்து என் கைக்கு நேராக வந்தது. பிடித்திருந்தால் மார்போடு ஒட்டியிருக்கும். நான் கையை விரித்துவிட்டேன்.

அவர் வரப்புக்குப் போய் ஷூ போட்டார். குத்தூசியைத் தோளில் வைத்துக்கொண்டு அம்பாரத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

கிரவுண்டில் பெரிய விவாதம் நடந்தது. எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? நான் விட்ட விதம் சரியில்லை என்று. "மச்சான், மொத கோலுக்கு வுளுந்தியே, அது டாப்பு. ரெண்டாவதுக்கு சும்மா நின்னுகினு இருந்தா அந்த ஆளு இன்னா நெனப்பாரு?" என்று மாமா கேட்டார். உட்கார்ந்து முள் எடுக்கிற மாதிரி நடித்த மாமா எனக்கு நடிப்பு சொல்லிக் கொடுத்தார். மானேஜர், மூன்றாவது கோலும் விட்டிருந்தால் கோபம் தணிந்திருக்கும் என்றார்.

5. குத்தூசி

மானேஜருக்கு அதற்குள் விஷயம் உறைத்துவிட்டது. ஜன்னலில் இருந்த ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஜப்பான்காரர் பின்னாலேயே ஓடினார். ஓகாவா ஜாடியை வாங்கி, வெயிலில் ஒரு தடவை உருட்டிப் பார்த்தார். கிரவுண்டைக் கையால் காட்டினார். ஜாடியைக் காட்டினார். "சேம்" என்றார். ஜாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்தக் கோலும் ஜோடிப்பு, இந்த ஜாடியும் ஜோடிப்பு என்கிறார். முதல் இரண்டு அம்பாரமும் நிஜமாகவே நல்ல உப்பு. அதற்கு நான் மாசக் கணக்கில் வெயிலில் நின்றிருக்கிறேன். யாரும் நடிக்க வேண்டிய தேவையே அதற்கு இல்லை. என் கோலால் அதுவும் இப்போது சந்தேகத்தில் விழுந்துவிட்டது.

மானேஜர் என்னை இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "நீ கூடப் போ. ரெண்டு அம்பாரத்தையும் காட்டு. மூணாவதைக் கேட்டா மதராஸ் சேட்டுக்கு வித்தாச்சுன்னு சொல்லு. நாளைக்கு மூட்டை புடிக்கும்போது கலந்து அனுப்பிக்கலாம்."

போனேன். முதல் அம்பாரத்தில் அவர் ஓலையை விலக்கி, குத்தூசியைப் பிடிவரை உள்ளே செலுத்தினார். அடியில், நடுவில், உச்சியில் என்று எட்டு இடம். ஒவ்வொன்றையும் கையில் பிசைந்தார், பூதக்கண்ணாடியில் பார்த்தார், நாக்கில் வைத்தார், தகர டப்பாவில் போட்டு நம்பர் எழுதினார். இரண்டாவதிலும் அதே மாதிரி. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சுமைக்காரப் பெண்கள் எல்லாரும் தூரத்தில் வரப்பு மேல் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு மூன்றாவதற்கு முன்னால் நின்று, "திஸ்?" என்று கேட்டார்.

சேட்டு என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் நம்பியிருப்பார் என்று தோன்றவில்லை. நம்பியிருந்தால் அதைவிடக் கேவலம். கலந்து அனுப்பினால் கப்பலில் மூன்றும் சேர்ந்து வியர்க்கும், நல்ல உப்பும் கெடும், அடுத்த வருஷம் யாரும் இந்தக் கரைப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். நாற்பது வீட்டுக்கு இந்த இரண்டு மாதத்தோடு சரி. இதெல்லாம் இப்போது எழுதும்போது வரிசையாக வருகிறது. அப்போது எனக்குத் தெரிந்தது, அந்த மனுஷர் என் கையில் பந்தை வைத்துவிட்டு நின்ற மாதிரியே மறுபடி நிற்கிறார் என்பதுதான்.

"பேட்" என்றேன். "ஹர்ரி அப். மட். பேட் சால்ட்." வானத்தைக் காட்டி, வாருகிற மாதிரி கையால் செய்து காட்டினேன். மேகம், அவசரம், கசப்புத் தண்ணி என்று தமிழிலேயே மிச்சத்தைச் சொன்னேன்.

அவர் குத்தூசியை என்னிடமே கொடுத்தார். நானே குத்தி எடுத்தேன். ஒரு கல்லை நாக்கில் வைத்தார், துப்பினார். என்னிடமும் ஒரு கல் நீட்டினார். நானும் நாக்கில் வைத்துத் துப்பினேன். பேதி மருந்தேதான்.

அங்கேயே அம்பாரத்து நிழலில், காலை நீட்டி உட்கார்ந்தார். உள்ளங்கையில் இரண்டு கல்லை வைத்தார். மதியம் மானேஜர் விசில் ஊதிக் கலைத்த ஆட்டம். தன் கல்லை விரலால் தள்ளினார். எதிர்க் கல் நகர்ந்து வந்து குறுக்கே நின்றது. "கேட்ச்" என்றார். பிடித்துவிட்டான். ஆட்டம் போயிற்று. அன்று சாயங்காலமே பூட்ஸைக் கழற்றிவிட்டார். அந்தப் பந்தைத் தன்னால் இனிமேல் போட முடியாது என்று அப்போதுதான் நிச்சயமாகத் தெரிந்ததாம். வருஷப் பிறப்புக்கு அந்த கோல்கீப்பருக்கு ஒரு கார்டு தவறாமல் போடுவாராம்.

"எதிரியா?" என்று நான் கையால் குத்துகிற மாதிரி காட்டிக் கேட்டேன்.

"நோ, நோ. ஃப்ரெண்ட்" என்றார். "ஃப்ரெண்ட். சோ, கேட்ச்."

6. அதற்குப் பிறகு

ஓகாவா இரண்டு அம்பாரத்துக்கு ஆர்டர் போட்டுவிட்டு, குத்தூசியை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். மூன்றாவதை எழுதி ஒதுக்கிவிட்டார். இதில் நான் செய்தது நல்லது என்று யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா. மானேஜர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. எனக்கு வரவேண்டிய சூபர்வைசர் வேலை, பெனால்டி கிக் நன்றாக அடிக்கிற ஒருவனுக்குப் போனது. மூன்றாவது அம்பாரம் ஐப்பசி மழையில் பாதி கரைந்து கால்வாய்க்குள் போனது. இரண்டு மாதச் சுமை என்று நான் சொன்னது ஒரு மாதமும் சில நாளுமாகக் குறைந்தது. கடைசிக் கூடையை இறக்கின அன்று பவுனம்மா என்னைப் பார்த்து, "மிச்ச நாளுக்கு உன் வூட்டாண்ட வந்து குந்திக்கிறோம் கங்காணி" என்றாள். கொஞ்சம் தூரம் போனவள் திரும்பி வந்து, "நானும் அத்த நக்கிப் பாத்தவதான். அத்த துன்னா பேஜாரு, ஜப்பான்ல துன்னா இன்னா, செய்யூர்ல துன்னா இன்னா" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அந்த வருஷம் கிடைத்த சர்டிபிகேட் அது ஒன்றுதான்.

அடுத்த வருஷம் சித்திரையில் ஏஜெண்டிடமிருந்து மறுபடி லெட்டர் வந்தது. போன தடவை அனுப்பிய உப்பு திருப்தி, இந்த வருஷமும் வேண்டும், ஓகாவா நேரில் வர மாட்டார், மாதிரியைத் தபாலில் அனுப்பினால் போதும் என்று எழுதியிருந்தது. மாதிரியை கோல்கீப்பர் எடுத்து அனுப்ப வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி. மானேஜர் அதைப் படித்துவிட்டு, "பார்த்தியா, உன் பேருகூட அந்த ஆளுக்கு ஞாபகம் இல்லை. கோல்கீப்பராம்" என்று லெட்டரை என் பக்கம் தள்ளினார். அந்தப் பேர் எனக்குப் போதும் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் சிரித்திருப்பார்கள்.

பிள்ளைகளே, நீங்களும் நாளைக்கு ஒரு வேலைக்குப் போவீர்கள். விருந்தாளி வந்தால் இலையில் கூடுதலாக ஒரு வடை வைக்கலாம், தப்பில்லை. கோல் வைக்கக் கூடாது. மரியாதை என்று நினைத்து நாம் ஒன்றை விட்டுக் கொடுத்தால், நம்மிடம் நிஜமாக இருக்கிற நல்லதையும் அவன் நம்பாமல் போய்விடுகிறான். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு கோலும் ஒரு அம்பாரமும் ஆயிற்று. தேவராஜ் மாமா இந்தப் பக்கம் வந்தால் இந்தப் பக்கத்தை அவருக்கும் படித்துக் காட்டுங்கள். முள் எடுத்ததை விட்டுவிடாமல் படியுங்கள்.

லெட்டர் வந்த அன்று மதியம் மானேஜர் சாப்பிடப் போயிருந்தார். ஆபீசில் யாரும் இல்லை. நான் ஜன்னலில் இருந்த கண்ணாடி ஜாடியை எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போனேன். அந்த மின்னுகிற கல்லை எல்லாம் அந்த வருஷத்துப் புது அம்பாரத்து மேல் கொட்டினேன். குத்தூசியை நடுவில் செலுத்தி, வந்ததை வந்தபடியே ஒரு பிடி தபாலுக்குக் கட்டி வைத்து, மிச்சத்தை ஜாடியில் நிரப்பினேன். அங்கங்கே ஒரு துளி சேறு இருந்தது. இருக்கட்டும் என்று மூடினேன். கண்ணாடியைத் துண்டால் துடைத்து, பழைய இடத்திலேயே, வெயில் படுகிற பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.